உறிஞ்சுகுழி தோண்டுமுன் மண்ணைச் சோதியுங்கள்

பயிர் வைக்குமுன் மண் பரிசோதனை செய்யும் விவசாயிகள், தோட்டத்து வீட்டில் கழிப்பறை கட்டும்போது மண்ணைக் கவனிப்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் செப்டிக் டேங்க் கட்டி, அதன் பக்கத்தில் ஒரு உறிஞ்சுகுழியையும் தோண்டிவிடுகிறார்கள். குடிநீர்க் கிணறு அருகில் இருந்தால் இது ஆபத்தாக முடியும்.

செப்டிக் டேங்கில் கசடு மட்டுமே அடியில் தங்குகிறது. அதிலிருந்து வெளிவரும் நீரில் நோய்க்கிருமிகள் இருக்கவே செய்யும். அந்த நீர் மண்ணில் மெதுவாக இறங்கும்போதுதான் மண் அதை வடிகட்டிச் சுத்தம் செய்கிறது. மண் நீரை உறிஞ்சாவிட்டால் குழி நிரம்பிக் கழிவுநீர் மேலே வழியும். மிக வேகமாக உறிஞ்சினால், சுத்தமாகுமுன்பே நிலத்தடி நீரில் கலந்துவிடும். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை முதலிய நோய்கள் வர இதுவே வழியாகும்.

சோதிக்கும் முறை

உறிஞ்சுகுழி அமைய இருக்கும் இடத்தில், அதன் ஆழத்திற்கு மண்ணைத் தோண்டி, அடியில் 4 முதல் 12 அங்குல அகலத்தில் ஒரு சிறு குழி எடுக்க வேண்டும். மண்வெட்டி பட்டு மெழுகியதுபோல் ஆன பக்கங்களைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். உதிர்ந்த மண்ணை அள்ளிவிட்டு, அடியில் 2 அங்குலம் சிறு சல்லி அல்லது பெருமணல் பரப்ப வேண்டும்.

மாலையில் சல்லிக்கு மேல் 1 அடி உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றவும். குறைந்தது 4 மணி நேரமாவது மண் ஊற வேண்டும். இரவு முழுவதும் ஊறுவது நல்லது. இதை விட்டுவிடக்கூடாது. சித்திரையில் வெடித்துக் கிடக்கும் கரிசல், முதலில் ஊற்றும் தண்ணீரை மடமடவென்று குடித்துவிடும். நனைந்து உப்பிய பிறகு வெடிப்புகள் மூடிக்கொள்ளும். பிறகு ஒரு அங்குலம் இறங்கவே வெகு நேரமாகும். முதல் தண்ணீரை நம்பிக் குழி வெட்டியவர்கள் ஐப்பசி மழையில் அவதிப்படுவார்கள்.

மறுநாள் காலையில் குழியில் தண்ணீர் மீதி இருந்தால், சல்லிக்கு மேல் 6 அங்குலம் நிற்குமாறு சரிசெய்து, அரை மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவும். குழியின் குறுக்கே ஒரு ரீப்பரை வைத்து, அதிலிருந்து அளந்தால் பிழை வராது.

தண்ணீர் முழுவதும் வற்றியிருந்தால், 6 அங்குலம் ஊற்றி, அரை மணிக்கு ஒரு முறையாக 4 மணி நேரம் அளக்க வேண்டும். தண்ணீர் குறையும்போது மீண்டும் 6 அங்குலத்திற்கு நிரப்பிக்கொள்ளலாம். கடைசி அரை மணியின் அளவே கணக்கு. மணற்பாங்கான நிலத்தில் இந்த 6 அங்குலமும் அரை மணிக்குள் மறைந்துவிட்டால், 10 நிமிடத்திற்கு ஒரு முறையாக 1 மணி நேரம் அளந்து, கடைசி 10 நிமிடத்தின் அளவை எடுக்கவும்.

மூன்று இடங்களிலாவது சோதித்து, மெதுவாக இறங்கிய இடத்தை வைத்து முடிவு செய்வது நல்லது.

முடிவு எப்படி?

அரை மணியில் 1 அங்குலமோ அதற்கு மேலோ இறங்கினால் உறிஞ்சுகுழி போடலாம். அரை அங்குலம் முதல் 1 அங்குலம் வரை இறங்கினால் குழி பயன்படாது. துளையிட்ட குழாயும் சல்லியும் இட்டு, ஒன்றரை முதல் 3 அடி ஆழத்தில் நீளமான உறிஞ்சு வாய்க்கால் அமைக்க வேண்டும். அரை அங்குலத்திற்கும் குறைவாக இறங்கினால் அந்த மண் எதற்கும் ஏற்றதல்ல. அங்கே நீர் அடியிலிருந்து மேல்நோக்கி ஏறிச் செல்லும் சல்லி வடிகட்டித் தொட்டி போன்ற வேறு முறை தேவைப்படும். ஊராட்சி ஒன்றியப் பொறியாளரைக் கலந்துகொள்ளவும்.

கிணற்றை மறவாதீர்கள்

மண் எவ்வளவு நல்லதாயினும் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையே குறைந்தது 60 அடி இருக்க வேண்டும். மணல் நிலத்தில் இன்னும் தள்ளிப் போடுவதே பாதுகாப்பு. கிணறு இருக்கும் இடத்தைவிட மேடான பக்கத்தில் குழி வேண்டாம். குழியின் அடிமட்டம், மழைக்கால நீர்மட்டத்திற்குக் குறைந்தது 6 அடி மேலே இருக்க வேண்டும். கோடையில் கிணற்றை எட்டிப் பார்த்து இதைத் தீர்மானிக்கக்கூடாது. கார்த்திகை, மார்கழியில் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று பார்த்துக் கிணற்றுச் சுவரில் அடையாளமிட்டு வையுங்கள்.

இந்தச் சோதனைக்கு வேண்டியவை மண்வெட்டி, நாலைந்து குடம் தண்ணீர், ஒரு அளவுகோல், ஒரு கடிகாரம். ஓர் இரவும் ஒரு பகலும் செலவிட்டால் போதும். கெட்டுப்போன கிணற்றைத் திருத்துவது அவ்வளவு சுலபமல்ல. எனவே கொத்தனாரை அழைக்குமுன் மண்ணைச் சோதித்துவிடுங்கள்.