வாட்டர் கூலிங்கில் கசிவா? காற்றடித்துக் கண்டுபிடியுங்கள்

வாட்டர் கூலிங் வசதியுள்ள பழைய கம்ப்யூட்டரை வாங்கியிருக்கிறீர்களா? குழாய், டேங்க், ரேடியேட்டர் தனித்தனியாகக் கழற்றும் வகை என்றால், திரவம் ஊற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். திரவம் மதர்போர்டில் சொட்டினால் ஷார்ட் ஆகலாம். காற்று கசிந்தால் சேதமில்லை.

1. பவர் கார்டைக் கழற்றி, பழைய திரவத்தை முழுவதும் வடித்து விடுங்கள்.

2. மீட்டருடன் கூடிய லீக் டெஸ்டர் பம்ப்பை டேங்கின் துவாரத்தில் திருகுங்கள். மற்ற துவாரங்களை மூடுங்கள்.

3. 0.5 பார் வரை மெதுவாகக் காற்றடியுங்கள். சைக்கிள் டயருக்கு அடிப்பது போல் அடித்தால் டேங்க் விரிசல் விடலாம்.

4. அரை மணி நேரம் காத்திருங்கள். முள் அசையாவிட்டால் கசிவில்லை. அறை குளிர்ந்தாலும் முள் சற்று இறங்கும். எனவே ஏசியை இடையில் போடாதீர்கள்.

5. முள் இறங்கினால் காற்றைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு பாகமாகப் பிரித்துத் தனியே சோதியுங்கள்.

பெரும்பாலும் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங்தான் காரணமாக இருக்கும். தட்டையாகியோ வெடித்தோ இருந்தால் அதே அளவில் புதியது போடுங்கள். சிலிக்கான் கிரீஸ் லேசாகத் தடவிக் கையால் இறுக்கினால் போதும். வாசலின் வேண்டாம், சிலவகை ரப்பரை அது உப்பச் செய்துவிடும்.

கம்பெனியிலேயே சீல் செய்து வரும் கூலரை மட்டும் பிரிக்காதீர்கள். அது கசிந்தால் மாற்றிவிடுவதே நல்லது.