சொந்தக் காசில் ஒரு புத்தகம்

தனுவச்சபுரம்

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய கதைகளையும் அந்தப் பதிப்பக ஒப்பந்தத்தையும் வாசித்தேன். கற்பனை ஒப்பந்தத்தில்தான் அதிகம். அச்சுக்கூலி முழுக்க நீ கொடுக்க வேண்டும், முந்நூறு பிரதியை நீயே விலைக்கு எடுக்க வேண்டும், உரிமை மட்டும் பத்து வருஷம் அவர்களிடம் இருக்குமாம். அட்டையில் அவர்கள் பெயர் வரும் என்பதைத் தவிர உனக்கு அதில் என்ன இருக்கிறது? "சொந்தமாப் போட்டா மட்டமா நினைப்பாங்க மாமா" என்று எழுதியிருக்கிறாய். நினைக்கிறவர்களுக்கு நம் பக்கத்து இலக்கியம் தெரியாது.

நம்ம ஸ்டேஷனில் நாகர்கோவில் பாசஞ்சர் ஏறினால் சில ஸ்டேஷன் தாண்டி இரணியல் வரும். அந்த ஊரை வைத்து நீல பத்மநாபன் எழுதிய 'தலைமுறைகள்' 1968இல் அவருடைய சொந்தச் செலவில்தான் வந்தது. கேரள மின்வாரியத்தில் என்ஜினியராக இருந்து சம்பளம் வாங்கிய மனுஷன். இன்றைக்குத் தமிழின் நல்ல நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் அதை விடுவதில்லை.

தோப்பில் முகம்மது மீரான் உனக்கு இன்னும் நெருக்கம். 1956 நவம்பர் 1இல் மாநிலம் பிரித்தபோது விளவங்கோடு தமிழ்ப் பக்கம் போனது, நம் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமே நின்றது. அதனால்தான் உனக்கு வீட்டில் தமிழும் பள்ளிக்கூடத்தில் மலையாளமும். தேங்காப்பட்டணத்துக்காரரான மீரானும் மலையாளம் படித்து வளர்ந்தவர்தான். வத்தல் மிளகாய் வியாபாரம் பார்த்துக்கொண்டே எழுதினார். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசில் தொடராக வந்தது, 1988இல் அவரே அதைப் புத்தகமாக்கினார். 1997இல் 'சாய்வு நாற்காலி'க்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அவர் காசு போட்டு அச்சடித்த அந்த முதல் நாவலைப் பின்னாளில் காலச்சுவடு மறுபதிப்பாகக் கொண்டுவந்தது.

ஆகவே சொந்தமாகவே போடு. ஆனால் இந்தப் பிரதியை இப்படியே அச்சுக்குக் கொடுக்காதே. பதிப்பகம் இல்லையென்றால் பதிப்பாசிரியரும் இல்லை, மெய்ப்புப் பார்க்கிறவரும் இல்லை. அந்த இரண்டு வேலையையும் எழுதினவளே செய்தால் உருப்படாது.

அச்சாபீஸில் எழுத்துக் கோத்துப் பழகிய கண் எனக்கு, அது முதலில் பிழையில்தான் போய் நிற்கும். மூன்றாம் கதையில் நாய் 'குறைக்கிறது'. 'அவளை பார்த்தான்', 'வீட்டுக்கு போனாள்' என்று பக்கத்துக்குப் பக்கம் ஒற்று விழுங்கியிருக்கிறாய். உன் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லித் தரவில்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழ் மீடியத்தில் படித்த ஒரு வாத்தியாரைப் பிடி, காசு கொடுத்தே பிடி. சும்மா பார்க்கிறவர் பாதியில் விட்டுவிடுவார். பிழையைத் திருத்தலாம், பேச்சைத் திருத்தக் கூடாது என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடு. உன் கிழவி "வெள்ளம் குடிச்சியா மக்களே" என்று கேட்பதை அவர் "தண்ணீர் குடித்தாயா" என்று மாற்றிவிட்டால் அத்தோடு கதை போச்சு.

அதற்குப் பிறகு ஒரு ஆபத்து உண்டு. நீ செல்போனில் யூனிகோடில் அடித்ததைச் சில டிடிபி கடைகளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றுவார்கள். அப்போது கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் போய் நிற்கும். முதல் பத்துப் பக்கத்தைப் பார்த்துவிட்டு 'ஓகே' சொல்லாதே. லே-அவுட் முடிந்ததும் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, கடைசிப் பக்கம் வரை, அட்டையின் முதுகு வரை பார். ஆப்செட்டில் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 128 பக்கத்தில் முடிந்தால் எட்டு ஃபாரம், 131இல் நின்றால் மிச்சத்துக்கும் சேர்த்துக் காசு. உன் பன்னிரண்டு கதையில் ஏழாவதையும் பதினொன்றாவதையும் எடுத்துவிட்டால் இந்தக் கணக்கும் சரியாகும், புத்தகமும் நன்றாகும்.

ஆப்செட்டெல்லாம் பிறகு, முதலில் டிஜிட்டல் அச்சில் நூறு பிரதி போதும். பெரிய கணக்குப் போடாதே. பாரதி 1920இல் கடையத்தில் இருந்தபோது தன் எழுத்தையெல்லாம் நாற்பது புத்தகமாக, ஒவ்வொன்றிலும் பத்தாயிரம் பிரதி போடத் திட்டம் வைத்து நண்பர்களிடம் கடன் கேட்டார். பணம் வரவில்லை, புத்தகமும் வரவில்லை. பாரதிக்கே அந்த நிலைமை.

ஐ.எஸ்.பி.என். எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, ஆன்லைனில் நீயே விண்ணப்பிக்கலாம். அதற்கென்று தனியாகக் காசு கேட்கிறவனிடம் ஜாக்கிரதையாக இரு. காப்புரிமை எழுதின அன்றே உன்னுடையது. உன் காலம் வரைக்கும், அதற்குப் பிறகு அறுபது வருஷமும் இருக்கும். கிண்டிலில் ஏற்ற அச்சுச்செலவே கிடையாது, அதையும் செய். நம் பக்கத்து வாசகர் கையில் பிடிக்கத் தாள் புத்தகமும் வேண்டும்.

இனி விற்பனை. இதில்தான் பலரும் படுத்துவிடுகிறார்கள். கடைக்காரருக்கு விலையில் மூன்றில் ஒரு பங்காவது போகும், விற்ற காசு வரவும் நாளாகும். விலை வைக்கும்போதே இதை மனதில் வை. சி.சு. செல்லப்பா தன் புத்தகங்களைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். 'சுதந்திர தாக'த்தையும் 1997இல் முதுமையில் அவரேதான் வெளியிட்டார். அதற்குச் சாகித்திய அகாதெமி விருது 2001இல் வந்தபோது அவர் உயிரோடு இல்லை. நீ அவ்வளவு சுமக்க வேண்டாம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் என்று வாசகசாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் நேரில் போ. கூச்சப்படாமல் காசு வாங்கு. இலவசமாகக் கொடுத்த புத்தகத்தைச் சொந்தக்காரர்கூட வாசிப்பதில்லை.

தனியாகச் செய்ய மலைப்பாக இருந்தால் கூட எழுதுகிற நாலு பேரைச் சேர்த்துக்கொள். 1945இல் கோட்டயத்தில் எம்.பி. பாலும் காரூர் நீலகண்ட பிள்ளையும் மற்றவர்களுமாகப் பன்னிரண்டு பேர், நூற்றிருபது ரூபாய் முதலில் எழுத்தாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். எழுதினவருக்கு முப்பது சதவீதம் ராயல்டி கொடுத்த சங்கம் அது. மலையாளத்துக்காரர் செய்ததை எல்லைத் தமிழர் செய்ய முடியாதா என்ன?

பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வா, முதல் மெய்ப்பு நான் பார்க்கிறேன். அந்த ஒப்பந்தத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அன்புடன்,
மாமா