‘ஆன்கோயிங்’ எங்கே எழுதலாம், எங்கே கூடாது

வேலை விண்ணப்பங்களிலும் அலுவலகக் கடிதங்களிலும் ‘ஆன்கோயிங்’ என்ற ஆங்கிலச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. பொருள் எல்லோருக்கும் தெரியும்: தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. ஆனால் எதோடு சேர்த்து எழுதுவது என்பதில் நன்றாகப் படித்தவர்களும் தடுமாறுகிறார்கள்.

1. ஒரே சொல்லாக எழுதுங்கள். நடுவில் இடைவெளியோ சிறுகோடோ வேண்டாம்.

2. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வைக்கலாம்: ‘அன் ஆன்கோயிங் இன்வெஸ்டிகேஷன்’. ‘இஸ்’ போட்டு அதன் பின்னாலும் வைக்கலாம்: ‘தி இன்வெஸ்டிகேஷன் இஸ் ஆன்கோயிங்’. வேலை நடக்கிறது என்பதற்கு ‘ஒர்க் இஸ் அண்டர்கோயிங்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது வேறு சொல். எதற்கு உட்படுகிறது என்று சேர்த்துச் சொன்னால்தான் முழுமையாகும்: ‘அண்டர்கோயிங் ட்ரீட்மென்ட்’.

3. பலரும் சறுக்குவது இங்கேதான். தமிழில் நடப்பு மாதம், நடப்பு நிதியாண்டு என்கிறோம். நடக்கிறது என்ற எண்ணத்தில் கை ‘ஆன்கோயிங் மன்த்’ என்று எழுதிவிடுகிறது. தவறு, அங்கே ‘கரன்ட்’தான் வரவேண்டும். வங்கியின் நடப்புக் கணக்கும் கரன்ட் அக்கவுன்ட்தானே!

இரண்டையும் பிரிக்க ஒரு கேள்வி போதும்: ‘இது எப்போது முடியும்?’ என்று கேட்கிறோமா, ‘இதற்கு முன் எது இருந்தது?’ என்று கேட்கிறோமா? விசாரணை, சிகிச்சை, பேச்சுவார்த்தை, கட்டுமானம் எல்லாம் எப்போது முடியும் என்று கேட்க வைப்பவை, அவற்றுக்கு ஆன்கோயிங். முகவரி, சம்பளம், மேலாளர் என்றால் முன்பு எது, யார் என்றுதான் கேட்போம், அவற்றுக்குக் கரன்ட். ‘ஆன்கோயிங் சாலரி’ என்று எழுதினால், படிப்பவர் உங்கள் ஆங்கிலத்தைப் பற்றி உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். திட்டத்துக்கு இரண்டும் பொருந்தும்: முடியாத திட்டம் ஆன்கோயிங், இப்போது கையில் இருக்கும் திட்டம் கரன்ட்.

4. அடுத்த குழப்பம் ‘கன்டினியுவஸ்’. இது இடைவெளியே இல்லாமல் நீள்வது. சர்வதேச விண்வெளி நிலையம் 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை, அது கன்டினியுவஸ். பார்சிலோனாவின் சக்ராடா ஃபமீலியா தேவாலயக் கட்டுமானம் 1882-ல் தொடங்கியது. 1936-ல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது வேலை நின்றது, பிறகு மறுபடி தொடர்ந்தது. நடுவில் நின்றதால் அது கன்டினியுவஸ் அல்ல. இன்னும் முடியாததால் ஆன்கோயிங். நின்று நின்று திரும்பத் திரும்ப வருவதற்கு ‘கன்டினியுவல்’ இருக்கிறது: அடிக்கடி மின்வெட்டு என்றால் ‘கன்டினியுவல் பவர் கட்ஸ்’. ஆங்கிலேயர்களே கடைசி இரண்டையும் கலந்து எழுதுவதுண்டு. நீங்கள் பிரித்தே எழுதுங்கள், தெளிவு கெடாது.

5. மனிதரை ஆன்கோயிங் என்று சொல்வதில்லை. ‘ஐ ஆம் ஆன்கோயிங் மை டிகிரி’ என்று ஒரு வாக்கியம் ஆங்கிலத்தில் கிடையாது. படிப்பு ஆன்கோயிங் ஆகலாம், படிப்பவர் ஆக முடியாது.

6. ‘கரன்ட்லி ஆன்கோயிங்’ வேண்டாம். ‘இப்போது’ என்பது ஆன்கோயிங்குக்குள்ளேயே இருக்கிறது. இன்னமும் முடியவில்லையே என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால் ‘ஸ்டில் ஆன்கோயிங்’ சரி. ‘வெரி ஆன்கோயிங்’ கூடவே கூடாது.

7. விண்ணப்பத்தில் பட்டப்படிப்புக்கு எதிரே ‘ஆன்கோயிங்’ என்று போடுவது இலக்கணப்படி பிழையில்லை. ஆனாலும் போடாதீர்கள். எந்த மாதம், எந்த ஆண்டு முடிப்பீர்கள் என்று எழுதுங்கள். வேலை தருபவருக்குத் தெரியவேண்டியது நீங்கள் எப்போது வேலைக்கு வருவீர்கள் என்பதுதான். அலுவலக அறிக்கைக்கும் இதுவே விதி: ‘ஆன்கோயிங்’ என்று நிறுத்தாமல், எதுவரை முடிந்திருக்கிறது, மீதி எப்போது முடியும் என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.