பயறு வகைகளைச் சமைக்கும் முறையும் அவற்றின் போசணைப் பயனும்

கமக்காரர் தாம் பாடுபட்டு விளைவித்த தானியத்தின் பயனை இரண்டு இடங்களில் இழக்கக்கூடும். ஒன்று களம், மற்றொன்று அடுப்படி. களத்திற் சிந்திய மணிகள் கண்ணுக்குத் தெரிகின்றன; அவற்றைக் கூட்டி அள்ளிக்கொள்கின்றோம். அடுப்படியிற் கொட்டிய நீரோடு போகும் சத்து எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. ஆகவே அதனைக் காக்க வேண்டுமென்ற எண்ணமும் எளிதில் உண்டாவதில்லை.

அக்கரைப்பற்றிலும் அதனை அடுத்த ஊர்களிலும் பெரும்போக நெல் அறுவடையான பின்னர், வயலில் எஞ்சியுள்ள ஈரத்தைக்கொண்டு பயறு அல்லது கௌபி செய்கைபண்ணலாம். பயறு 55 முதல் 65 நாட்களுள் விளைந்துவிடும். சிறுபோக விதைப்புக்கும் இடையூறாகாது. நிலத்துக்கு நைதரசனையும் சேர்க்கும். இவ்வாறு விளையும் பயற்றை முழுவதும் விற்றுவிட்டு, அப்பணத்தில் மைசூர்ப் பருப்பு வாங்கி உண்ணும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மைசூர்ப் பருப்பு கடல் கடந்து வரும் பண்டம். 2022ஆம் ஆண்டு நாட்டில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அதன் விலை ஏழைக்கு எட்டாத உயரத்துக்கு ஏறியதை யாவரும் அறிவர். எனவே வீட்டுத் தேவைக்கு ஒரு பங்கைச் சொந்த விளைச்சலிலிருந்து ஒதுக்குதல் அறிவுடைமை. அவ்வாறு ஒதுக்கியதை எவ்வாறு சமைத்தால் முழுப் பயனும் கிட்டும் என்பதை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

1. பயறு வகைகளில் அடங்கியுள்ள சத்துக்கள்

உலர்ந்த பயறு, கௌபி, உழுந்து ஆகியவற்றில் நூற்றுக்கு 22 முதல் 25 பங்கு வரை புரதம் உண்டு. சோயா அவரையில் இது நூற்றுக்கு 36 பங்குக்கும் மேற்படும். அரிசியிலோ நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கே உண்டு. புரதமே உடலின் தசையை வளர்ப்பது. இரத்த விருத்திக்கு வேண்டிய இரும்பும் போலிக்கமிலமும், நரம்புகளுக்கு உறுதியளிக்கும் தயமின் என்னும் உயிர்ச்சத்தும் பயற்றில் உள்ளன. இவை கர்ப்பிணித் தாய்மாருக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் மிகவும் வேண்டியவை.

இங்கு ஓர் ஐயத்தைத் தீர்த்தல் நன்று. உலர்ந்த பயறு 100 கிராமில் 24 கிராம் புரதம் என்று கூறும் அட்டவணை, அவித்த பயறு 100 கிராமில் 7 கிராம் புரதம் என்றே கூறும். இதனைக் கண்டு, அவித்ததனாற் புரதம் அழிந்துவிட்டது எனச் சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. பயறு வேகும்போது நீரை உறிஞ்சி ஏறக்குறைய மும்மடங்கு நிறையாகின்றது. நீர் சேர்ந்ததால் விகிதம் குறைந்ததேயன்றிப் புரதம் எங்கும் போய்விடவில்லை.

2. பச்சையாக உண்ணலாகாது

பயறு வகைகளைச் சமைப்பது சுவைக்காக மட்டுமன்று. விதையானது தன்னை உண்ணவரும் பூச்சியிடமிருந்தும் விலங்கிடமிருந்தும் காத்துக்கொள்ளச் சில பொருட்களைத் தன்னுள் வைத்திருக்கின்றது. அவற்றுள் ஒன்று, நமது குடலிற் புரதத்தைச் சமிக்கச் செய்யும் திரிப்சின் என்னும் நொதியத்தைத் தடுப்பது. 1917ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகளான ஒஸ்போர்ண், மென்டெல் என்போர், பச்சைச் சோயாவை உண்ட எலிகள் நன்கு வளரவில்லை என்றும், வேகவைத்த சோயாவை உண்டவை செவ்வனே வளர்ந்தன என்றும் கண்டனர். சோயாவிலுள்ள அத்தடைப்பொருளை 1945ஆம் ஆண்டில் குனிற்ஸ் என்பவர் பளிங்குருவிற் பிரித்தெடுத்தார். நன்கு வேகவைத்தால் இப்பொருளின் பெரும்பகுதி செயலிழந்துவிடும். நமது நாட்டில் 1973ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட திரிபோஷாத் திட்டத்தில், தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்படும் மாவிலுள்ள சோயாவும் வெப்பமேற்றிப் பக்குவப்படுத்தப்பட்டதேயாகும்.

சிவப்புப் போஞ்சி விதையைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். அது அரைகுறையாக வெந்தால் கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாகும். அதனை ஐந்து மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டி, புது நீரில் நன்கு கொதிக்கவைத்து, மென்மையாகும்வரை அவித்தல் வேண்டும். கொதி நிலைக்கு வராத மெல்லிய சூட்டில் நெடுநேரம் வைப்பது ஆபத்தானது; நஞ்சு அதனால் அழிவதில்லை.

மற்றுமோர் எச்சரிக்கை. விதைக்கென மருந்து பூசிய பயற்றை எக்காரணங்கொண்டும் உணவுக்கு எடுக்கலாகாது. கழுவுவதாலோ அவிப்பதாலோ அந்நஞ்சு நீங்கிவிடும் என நம்பக் கூடாது. அத்தகைய விதையைத் தனியாகக் குறியிட்டு, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல் வேண்டும்.

3. சமையலில் நேரும் இழப்புக்கள்

புரதமும் இரும்பும் சூட்டினால் அழிவதில்லை. தயமின், போலிக்கமிலம் ஆகியவையோ நீரிற் கரைவன. நெடுநேரச் சூட்டினாற் குறைவன. ஆகவே இழப்பு மூன்று வழிகளில் நிகழ்கின்றது.

முதலாவது, அவித்த நீரை வடித்துக் கொட்டுதல். நோன்பு காலத்தில் வீடுதோறும் கடலையும் கௌபியும் அவிப்பர். பானை நிறைய நீர் வைத்து அவித்து, நீரை வடித்துவிட்டுத் தாளிப்பது வழக்கம். வடித்த நீரோடு கரைந்த உயிர்ச்சத்துக்களும் போகின்றன. நீரை அளவாக விட்டு, அது வற்றும் தறுவாயிற் பருப்பு வெந்திருக்குமாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். மீதியாகும் நீரை ஆணத்திலோ கஞ்சியிலோ சேர்க்கலாம்.

இரண்டாவது, அப்பச்சோடா இடுதல். சோடா இட்டால் விரைவில் வேகும் என்பது உண்மையே. ஆனால் சோடாவின் காரத்தன்மை தயமினை அழித்துவிடுகின்றது. அரைமணி நேர விறகைச் சேமிக்க எண்ணி, பணங்கொடுத்து வாங்க முடியாத சத்தை இழப்பது நட்டமான வியாபாரம். இரவே ஊறவைத்தாற் சோடா வேண்டியதில்லை.

மூன்றாவது, தேவைக்கு மேல் வேகவைத்தலும் கருக வறுத்தலும். பயற்றை மாவாக்குமுன் வாசம் வரும் அளவுக்கு இளவறுப்பாக வறுப்பது நன்று. கருநிறமாக வறுத்தால் புரதத்தின் சிறந்த பகுதியான இலைசீன் கெடும்.

4. ஊறவைத்தலும் முளைக்கவைத்தலும்

முழுத் தானியத்தை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் வேகும் நேரம் பெரிதும் குறையும். வயிற்றில் வாயுவை உண்டாக்கும் சில சீனிப்பொருட்களும், இரும்பைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவொட்டாது தடுக்கும் பைற்றேற்று என்னும் பொருளின் ஒரு பகுதியும் அந்நீரில் இறங்கிவிடும். எனவே ஊறவைத்த நீரைக் கொட்டிவிடுக. அவித்த நீரைக் கொட்டாதீர். குளிர்ந்த நீரில் ஊறும்போது உயிர்ச்சத்து இழப்புச் சிறிது. வேண்டாதன நீங்கும் நன்மை பெரிது. அவிக்கும்போதோ இழப்பே மிகுதி. மைசூர்ப் பருப்பு தோல் நீக்கப்பட்டதாதலால் அதனை ஊறவைக்க வேண்டியதில்லை. இரண்டு முறை கழுவினாற் போதும்.

முளைக்கவைத்தல் இன்னும் சிறந்தது. ஊறிய பயற்றை வடித்து, சுத்தமான ஈரத்துணியில் முடிந்து ஒரு நாள் வைத்தால் முளை வெளிவரும். உலர்ந்த பயற்றில் இல்லாத உயிர்ச்சத்து சி அப்போது உண்டாகின்றது. பைற்றேற்றும் மேலும் குறைகின்றது. முளைப்பயற்றைச் சுத்தமான நீரிற் கழுவிச் சிறிது நேரம் வேகவைத்து உண்ணுக. நெடுநேரம் வேகவைத்தால் புதிதாக உண்டான உயிர்ச்சத்து வீணாகிவிடும்.

5. "எங்கள் பயறு வேகவில்லை"

எமது அலுவலகத்துக்கு அடிக்கடி வரும் முறைப்பாடு இது. விதையினம் கெட்டுவிட்டது எனக் கமக்காரர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் காரணம் வேறு மூன்றனுள் ஒன்றாகும்.

அ. சேமிப்பு. வெப்பமும் ஈரப்பதனும் மிகுந்த இடத்திற் பல மாதம் கிடந்த பயறு, எவ்வளவு அவித்தாலும் மென்மையாகாத கடினத் தன்மையை அடைகின்றது. கடற்காற்று வீசும் நமது ஊர்களில், தகரக் கூரையின் கீழ்ச் சாக்கிற் கட்டிவைத்தால் இது விரைவில் நேரும். பயற்றை நன்கு வெயிலில் உலர்த்தி, ஆறவிட்டு, காற்றுப் புகாத மூடியுள்ள பாத்திரத்திற் குளிர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். வண்டின் தொல்லையும் இதனாற் குறையும்.

ஆ. நீர். சுண்ணாம்புத் தன்மை கூடிய கிணற்று நீரிற் பருப்பு எளிதில் வேகாது. அத்தகைய இடங்களில், சுத்தமாகச் சேகரித்த மழை நீரையோ குழாய் நீரையோ சமையலுக்குப் பயன்படுத்துக. ஊறவைக்கும் நீரிற் சிறிது உப்பிடுவதும் மென்மையாவதற்கு உதவும். உப்பிட்டால் வேகாது என்பது பலரது எண்ணம். ஊறவைக்கும்போது அது பொருந்தாது.

இ. புளி. புளி, எலுமிச்சை, தக்காளி ஆகியவற்றை முதலிலேயே இட்டால் பருப்பின் தோல் இறுகிவிடும். ஐயமுள்ளோர் இதனைத் தம் வீட்டிலேயே சோதித்தறியலாம். ஊறவைத்த கௌபியில் ஒரு சுண்டு வீதம் இரு பானைகளில் இட்டு, ஒன்றிற் புளிக்கரைசல் சேர்த்து, இரண்டையும் ஒரே அளவு சூட்டில் அவித்துப் பாருங்கள். புளி சேராத பானை முதலில் வேகும். ஆகையாற் பருப்பு வெந்த பின்னரே புளி சேர்த்தல் வேண்டும்.

6. சோறும் பருப்பும் சேர்தல்

அரிசிப் புரதத்தில் இலைசீன் குறைவு. மெதியோனின் போதிய அளவு உண்டு. பயற்றுப் புரதத்தில் மெதியோனின் குறைவு, இலைசீன் மிகுதி. இரண்டும் ஒன்று சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவுசெய்கின்றது. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்னும் அளவு பொருத்தமானது. பயறு சேர்த்த பாற்சோறும், பயறு இட்ட கஞ்சியும் இவ்வகையில் மிகச் சிறந்த உணவுகளாம். சோற்றை மலைபோல் இட்டு அதன்மேல் ஒரு கரண்டி பருப்பாணம் ஊற்றினால் இப்பயன் கிட்டாது.

பயற்றிலுள்ள இரும்பில் ஒரு சிறு பங்கையே உடல் ஏற்கின்றது. அதனைக் கூட்டுவது நம் கையில் உள்ளது. உணவோடு எலுமிச்சைச் சாறு, கொய்யா, பச்சைக் கீரைச் சம்பல் முதலியவற்றைச் சேர்த்தால் இரும்பு நன்கு உட்செல்லும். சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன் பிளேன்ரீ குடிப்பது அதனைத் தடுக்கும். தேநீரைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் பிந்திக் குடித்தால் நன்று. இரத்தச் சோகையுள்ள தாய்மார் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுவதோடு இதனையும் கடைப்பிடித்தல் வேண்டும்.

7. நினைவிற் கொள்ள வேண்டியவை

1. வீட்டுத் தேவைக்குரிய பயற்றை அறுவடையன்றே ஒதுக்கிவிடுக.
2. நன்கு உலர்த்தி, மூடிய பாத்திரத்திற் சேமிக்குக.
3. முழுத் தானியத்தை இரவில் ஊறவைத்து, அந்நீரைக் கொட்டுக.
4. அளவான புது நீரில், மூடிய பானையில், மென்மையாகும்வரை மட்டும் அவிக்குக.
5. அவித்த நீரைக் கொட்டாதீர்.
6. அப்பச்சோடா இடாதீர், புளியை இறுதியிற் சேர்க்குக.
7. சோற்றோடும் கீரையோடும் உண்ணுக. தேநீரைப் பிந்திக் குடிக்குக.

இவற்றுள் எதற்கும் புதிய செலவு இல்லை. இரவு படுக்குமுன் ஒரு சுண்டு பயற்றை நீரில் இடும் நினைவு ஒன்றே தேவை. வயலில் விளைச்சலைக் கூட்டுவதற்கு உரமும் நீரும் உழைப்பும் வேண்டும். விளைந்ததன் பயனைக் கூட்டுவதற்கு அறிவு போதும். இத்துண்டுப்பிரசுரத்தை வாசித்தபின் மடித்து வைத்துவிடாமல், வீட்டிற் சமைப்பவருக்கும் வாசித்துக் காட்டும்படி கமக்காரர்களை வேண்டிக்கொள்கின்றோம். பயறு, கௌபிச் செய்கை பற்றிய மேலதிக விளக்கங்களை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.