கிணற்றுக்கும் ஒரு கணக்கு

பால் கணக்கு எழுதுகிறோம். கூலிக் கணக்கு எழுதுகிறோம். மளிகைக் கடைக் கணக்கும் எழுதுகிறோம். நம் கிணற்றுக்குக் கணக்கு எழுதுகிறோமா?

மழை பெய்கிறது. நீர் மண்ணுக்குள் இறங்குகிறது. இது வரவு. மோட்டார் போட்டு இறைக்கிறோம். இது செலவு. வரவை விடச் செலவு கூடினால் நீர்மட்டம் கீழே போகும். கிணறு வற்றும்.

ஒரே நீர், பல கிணறுகள்

“என் நிலம், என் போர். நான் எவ்வளவு இறைத்தால் யாருக்கு என்ன?” என்று சிலர் கேட்பார்கள். நிலத்துக்கு வரப்பு உண்டு. நிலத்தடி நீருக்கு வரப்பு இல்லை.

நம் நாட்டின் பெரும் பகுதியில் மண்ணுக்குக் கீழே கடினமான பாறை இருக்கிறது. அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் நீர் தங்கும். ஒரே வெடிப்பிலிருந்து பக்கத்துப் பக்கத்துக் கிணறுகள் நீர் எடுக்கலாம். ஒருவர் ஆழமாகப் போர் போட்டால், அடுத்தவர் கிணறு வற்றலாம். அவர் கடன் வாங்கி இன்னும் ஆழமாகப் போடுவார். அதிலும் நீர் வராவிட்டால் கடன் மட்டுமே மிஞ்சும்.

நாடு எடுத்த கணக்கு

உலகிலேயே அதிகமாக நிலத்தடி நீர் எடுக்கும் நாடு இந்தியா. மத்திய அரசு சிறுபாசனக் கணக்கெடுப்பு நடத்தி வருகிறது. முதல் கணக்கெடுப்பு 1986-87-ஆம் ஆண்டுக்கானது. ஆறாவது கணக்கெடுப்பு 2017-18-ஆம் ஆண்டுக்கானது. அதன் அறிக்கை 2023-இல் வெளிவந்தது. நிலத்தடி நீர் எடுக்கும் பாசனக் கிணறுகள் சுமார் 2 கோடியே 19 லட்சம் என்று அது சொன்னது. திறந்த கிணறுகளும் குழாய்க் கிணறுகளும் இதில் சேரும். வீட்டுத் தேவைக்கான போர்கள் இதில் சேராது.

இந்தக் கணக்கு நாட்டுக்குத் தேவை. ஆனால் இது சில ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் வரும். இந்தக் கோடையில் நம் ஊரில் எவ்வளவு நீர் இருக்கிறது? அதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

விவசாயிகளே எழுதினார்கள்

ஆந்திரப் பிரதேசத்தில் 2003-இல் ஒரு திட்டம் தொடங்கியது. அனந்தபூர், கடப்பா, கர்நூல் உள்பட வறட்சியான ஏழு மாவட்டங்களில் அது நடந்தது. அவற்றில் மகபூப்நகரும் நல்கொண்டாவும் இன்று தெலங்கானாவில் உள்ளன.

அங்கே ஆண்களும் பெண்களும் அளக்கக் கற்றார்கள். தினமும் மழையை அளந்தார்கள். 15 நாட்களுக்கு ஒரு முறை கிணற்றின் நீர்மட்டத்தை அளந்தார்கள். அளவுகளை ஊர்ப் பலகையில் எழுதி வைத்தார்கள். மழைக்காலம் முடிந்ததும் ஊர் கூடியது. “எவ்வளவு நீர் இருக்கிறது? எந்தப் பயிருக்கு எவ்வளவு நீர் வேண்டும்?” என்று கணக்குப் போட்டார்கள்.

யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கணக்கைக் கண்ணால் பார்த்தார்கள். பலர் நெல்லைக் குறைத்தார்கள். குறைந்த நீரில் விளையும் பயிர்களுக்கு மாறினார்கள்.

நாம் என்ன எழுதலாம்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இவற்றை எழுதுங்கள்:

1. கிணறு யாருடையது? எந்த இடத்தில் உள்ளது?
2. எந்த ஆண்டு போட்டது? எத்தனை அடி ஆழம்?
3. எத்தனை அடியில் நீர் வந்தது?
4. மோட்டார் எத்தனை குதிரைத் திறன்?
5. என்ன பயிர்? எத்தனை ஏக்கர்?
6. இப்போது நீர் வருகிறதா, வற்றிவிட்டதா?

நீர் வரத்தை அளப்பதும் எளிது. 20 லிட்டர் வாளியைக் குழாயின் கீழ் வையுங்கள். வாளி 10 விநாடியில் நிறைகிறதா? அப்படியானால் ஒரு விநாடிக்கு 2 லிட்டர் வருகிறது. அடுத்த ஆண்டு அதே மாதத்தில் அளக்கும்போது 20 விநாடி ஆகிறதா? அப்படியானால் நீர் வரத்து பாதியாகக் குறைந்துவிட்டது.

வற்றிய போரும் கணக்கில் வர வேண்டும்

மூடாமல் விட்ட போரில் குழந்தைகள் விழுந்து இறக்கிறார்கள். இதைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2010-இல் விதிகள் வகுத்தது. போர் போடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே மாவட்ட ஆட்சியர் அல்லது ஊராட்சித் தலைவர் போன்றோருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். போர் போடும் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை மண், மணல், கற்களால் நிரப்ப வேண்டும். எத்தனை போர்கள் பயன்பாட்டில் உள்ளன, எத்தனை மூடப்பட்டன என்ற கணக்கு மாவட்டத்தில் இருக்க வேண்டும்.

நாம் எழுதக் கற்றுக்கொண்டோம். இனி நம் கிணற்றின் கணக்கையும் எழுதுவோம். கணக்குத் தெரிந்தால், இருக்கும் நீரைப் பகிர்ந்துகொள்ளலாம்.

செய்து பார்ப்போம்

1. உங்கள் தெருவில் அல்லது வயல் பக்கம் எத்தனை போர்கள் உள்ளன? அவற்றில் எத்தனை வற்றியவை? எண்ணி எழுதுங்கள்.
2. 20 லிட்டர் வாளி 5 விநாடியில் நிறைந்தால், ஒரு விநாடிக்கு எத்தனை லிட்டர் நீர் வருகிறது?
3. மூடாத போர் கண்ணில் பட்டதா? ஊராட்சித் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.