வண்டி தாங்குவது எத்தனை மூட்டை?



சரக்கு எடுக்க நம்மில் பலர் குட்டி யானை போன்ற சிறு வண்டிகளைச் சொந்தமாக வைத்திருக்கிறோம். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து இரும்புத் தகட்டில் மூடிய கூண்டும் கட்டுகிறோம். வண்டித் தொட்டியின் நீள அகலத்துக்குக் கூண்டு பொருந்துகிறதா என்று பார்க்கிறோமே தவிர, வண்டி தாங்கும் எடைக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை.

நாங்களும் பார்க்கவில்லை. ஒரு நாள் சர்க்கரை ஏற்றி வந்தபோது, பாலத்து இறக்கத்தில் பிரேக் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. டிரைவர் மண்மேட்டில் ஏற்றித்தான் நிறுத்தினார். பின்பக்க ஸ்பிரிங் பட்டை முறிந்தது, உயிர் தப்பியது. அன்றுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

கணக்கு எளிது. ஆர்.சி. புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று சரக்கோடு சேர்ந்த மொத்த எடை. மற்றொன்று வெற்று எடை. உதாரணமாக, மொத்த எடை 2,000 கிலோ, வெற்று எடை 1,050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மீதி 950 கிலோ. 50 கிலோ சர்க்கரை 19 மூட்டை ஏற்றலாம் என்று தோன்றும். ஆனால் பிறகு கட்டிய கூண்டு 180 கிலோ. டிரைவரும் லோடுமேனும் 140 கிலோ. வெற்று எடையில் ஆள் எடை சேராது. ஆக, சரக்குக்கு நிற்பது 630 கிலோ, 12 மூட்டைதான்! 19 ஏற்றினால் 320 கிலோ அதிகம்.

பொரி, அப்பளம் ஏற்றினால் எடைக்கு முன் இடம் நிரம்பும். சர்க்கரை, எண்ணெய் டின் ஏற்றினால் பாதி இடம் காலியாக இருக்கும்போதே எடை நிரம்பிவிடும். காலி இடத்தைப் பார்த்து ஆசைப்படக் கூடாது. மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு முறியும் என்பது வள்ளுவர் காலத்துப் பாடம்.

கனமான சரக்கைப் பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு அடுக்க வேண்டும். பின்கதவு ஓரம் கனம் சேர்ந்தால் முன்சக்கரம் லேசாகி ஸ்டீயரிங் பிடி கொடுக்காது.

2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள சட்டத் திருத்தப்படி, அதிக எடைக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதல் டன் ஒன்றுக்கு மேலும் 2,000. மிகுதிச் சரக்கை இறக்கும் கூலியும் நம் தலையில்தான். இறக்கும் வரை வண்டி நகராது. மூட்டைக்குச் சில ரூபாய் பார்க்கும் நமக்கு இது எத்தனை மாத லாபம்?

எனவே கூண்டு கட்டும் முன்பே அதன் எடையைக் கேளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதியுங்கள்; இன்சூரன்சுக்கும் தெரிவியுங்கள். கட்டி முடிந்ததும் காலி வண்டியை எடைமேடையில் ஏற்றி ரசீது வாங்குங்கள். எத்தனை மூட்டை என்பதைக் கதவின் உட்பக்கம் பெயிண்டில் எழுதி வையுங்கள். எங்கள் வண்டியில் எழுதியிருக்கிறோம். கடைப் பையனும் அதைப் பார்த்துத்தான் ஏற்றுகிறான்.