தசை நோவும் அளவறிந்த ஓய்வும்

முழங்காலின் கீழே பின்புறத்தில் திரண்டு நிற்கும் சதையைத் தமிழ் மக்கள் ‘கெண்டை’ என்று வழங்குகின்றனர். நீரில் துள்ளும் கெண்டைமீனின் வடிவும் அசைவும் அச்சதையிலே தோன்றக் காணலாம். பண்டை உரோமரோ, தோலின் கீழே ஓடி ஒளிவதுபோல் தோன்றும் தசையைச் ‘சிற்றெலி’ என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அழைத்தனர். ஆங்கிலம் முதலிய மேலை மொழிகள் பலவற்றில் தசைக்கு வழங்கும் பெயர் அச்சொல்லின் வழி வந்ததே. இருவேறு நாட்டாரும் தசையை உயிருள்ள ஒன்றாகவே கண்டனர் என்பது கருதத்தக்கது. தசை, அறுந்தால் முடிந்துகொள்ளும் கயிறு அன்று. காயமுற்றால் தன்னைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் உயிர்ப்பொருள். அச்செப்பனிடும் பணிக்குக் காலமும் வேண்டும். அளவான உழைப்பும் வேண்டும். இவ்விரண்டனுள் ஒன்றை மறுப்பினும் நோவு நீளும்.

மனித உடம்பில் எலும்பைப் பற்றிநின்று இயக்கும் தசைகள் 600க்கும் மேற்பட்டவை. ஒவ்வொரு தசையும் மயிர்போல் நுண்ணிய இழைகள் பல சேர்ந்த கற்றையாகும். அக்கற்றை இரு முனையிலும் தசைநாண் என்னும் உறுதியான வடமாய் முடிந்து எலும்பைப் பற்றுகிறது. தசைக்கு இழுக்கத் தெரியுமேயன்றித் தள்ளத் தெரியாது. ஆதலின், தசைகள் எதிரெதிராக அமைந்துள்ளன. கையை மடக்குங்கால் புயத்தின் முன்தசை சுருங்கும். நீட்டுங்கால் பின்தசை சுருங்கும். ஒன்று சுருங்கும்போது மற்றொன்று தளர்ந்து கொடுத்தல் வேண்டும். தசை சுருங்கும் முறையை 1954ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, நீடர்கெர்கே என்னும் இருவரும், ஹியூ ஹக்ஸ்லி, ஜீன் ஹான்சன் என்னும் வேறிருவரும் தனித்தனியே ஆராய்ந்து விளக்கினர். இழைக்குள்ளே தடித்த புரிகளும் மெல்லிய புரிகளும் உள்ளன. கோத்த கைவிரல்கள் ஒன்றனிடையே ஒன்று நுழைவதுபோல் அப்புரிகள் நழுவி நுழைய, இழை குறுகுகிறது. நரம்பின் ஏவல் வந்தவுடன் சுருங்குதலும், ஏவல் நின்றவுடன் தளர்தலும் தசையின் இயல்பாகும்.

இத்தகைய தசைக்கு வரும் துன்பங்களை உலக வழக்கில் பெரும்பாலும் ‘சுளுக்கு’ என்னும் ஒரு சொல்லாலேயே குறித்துவிடுகின்றனர். எனினும், அவற்றைப் பிரித்தறிதல் இன்றியமையாதது. தசையிழையோ தசைநாணோ மிகையாக இழுக்கப்பட்டுச் சிதைவது தசைக் கிழிவு. எலும்பையும் எலும்பையும் மூட்டிலே பிணைக்கும் பந்தகம் சிதைவது சுளுக்கு. இழை கிழியாமலே, தசை தன்விருப்பமாய் இறுகித் தளர மறுப்பது தசைப்பிடிப்பு. இதனைக் குரக்குவலி என்றும் கூறுவர். நோவு மூன்றிற்கும் பொதுவாயினும், செய்யவேண்டுவன வேறாம்.

தசைக் கிழிவு எப்பொழுது நேர்கிறது? சுருங்க முயலும் தசை, அதே கணத்தில் வலிய நீட்டப்படும்போது பெரும்பாலும் நேர்கிறது. விரைந்தோடுபவனின் கால் முன்னோக்கி வீசப்படுகையில், தொடையின் பின்தசை நீண்டுகொண்டே அவ்வீச்சைத் தடுத்து நிறுத்தவும் முயல்கிறது. அத்தசை இடுப்பு, முழங்கால் என்னும் இரு மூட்டுகளையும் கடந்து செல்வதாதலின், இருபுறமும் இழுபடுகிறது. ஓட்டவீரர்க்கு அவ்விடத்தே கிழிவு மிகுதியாக நேர்தற்கு இதுவே காரணம். சில இழைகளே சிதைவது முதல் நிலை. பல இழைகள் அறுந்து வீக்கமும் வலிமைக் குறைவும் தோன்றுவது இரண்டாம் நிலை. தசை முற்றும் அறுவது மூன்றாம் நிலை. முதல் நிலை ஓரிரு வாரங்களில் ஆறக்கூடும். இரண்டாவது பல வாரங்களை வேண்டும். மூன்றாவது மாதக்கணக்கில் நீளும். சிலர்க்கு அறுவை மருத்துவமும் வேண்டப்படும்.

குரக்குவலியின் இயல்பு வேறு. களைத்த தசையைத் தளருமாறு விடாமல் நரம்புகள் மேன்மேலும் ஏவுவதே இதற்குக் காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். வியர்வையோடு உப்பு மிகுதியாய் வெளியேறுதலும் சிலர்க்குக் காரணமாகும். வெப்பம் மிகுந்த நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த பிரித்தானியத் தொழிலாளர், உப்பில்லாத நீரை நிரம்பப் பருகியும் தசைப்பிடிப்பால் வருந்தியதை 1923ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று எடுத்துக்காட்டியது. கோடை வெயிலில் உழைப்போர்க்கு உப்பிட்ட நீர்மோர் ஏற்றதாதல் இதனால் விளங்கும். கெண்டைக்காலில் பிடிப்பு வந்தால், முழங்காலை நீட்டிப் பாதத்தின் விரல்களைத் தன்பக்கமாக மெல்ல இழுத்துச் சிறிது நேரம் நிறுத்துதல் வேண்டும். தசை நீள நீள, நரம்பின் ஏவல் தணிந்து பிடிப்பு விடும். அதன்பின் மெல்ல நீவுதல் தீங்கன்று.

புதிதாகக் கிழிந்த தசையை நீவுதலோ தீங்காம். இவ்வேறுபாட்டை அறியாமையால் பலர் துன்பத்தைப் பெருக்கிக்கொள்கின்றனர். கிழிந்த இழைகளினிடையே குருதி கசிந்துகொண்டிருக்கும். அவ்வேளையில் எண்ணெயிட்டு அழுந்தத் தேய்ப்பதும், வெந்நீர் ஒற்றடம் இடுவதும் கசிவைப் பெருக்கும். செய்யத்தக்கது யாதெனின், உடனே ஆட்டத்தை நிறுத்துதல். அவ்வுறுப்பின்மேல் பாரம் ஏற்றாதிருத்தல். இறுக்கமின்றித் துணிக்கட்டு இடுதல். உறுப்பை உயர்த்தி வைத்தல். வலி மிகின், துணியிற் சுற்றிய பனிக்கட்டியைச் சிறிது நேரம் வைக்கலாம். ஓய்வு, பனிக்கட்டி, கட்டு, உயர்த்துதல் என்னும் நான்கினையும் ஒரு முறையாக வகுத்து, 1978ஆம் ஆண்டில் தாம் இணைந்தெழுதிய நூலில் வெளியிட்டவர் கேப் மிர்க்கின் என்னும் அமெரிக்க மருத்துவர். அம்முறை உலகெங்கும் பரவியது. 2014ஆம் ஆண்டில் அவரே, பனிக்கட்டி வலியைத் தணிப்பினும் காயம் ஆறுதலைத் தாழ்த்தக்கூடும் என்று திருத்தி எழுதினார். புதிய சான்று கண்டவழித் தம் கூற்றைத் தாமே திருத்துதல் அறிவுடையோர்க்கு அழகன்றோ?

பனிக்கட்டி ஆறுதலை ஏன் தாழ்த்தவேண்டும்? உடம்பு தன்னைச் செப்பனிடும் முறையை அறிந்தால் இது விளங்கும். முதலில் காயப்பட்ட இடம் வீங்கிச் சூடேறும். குருதியோடு வரும் வெள்ளணுக்கள் சிதைந்த பகுதிகளை அகற்றுகின்றன. வீக்கம் பகையன்று; துப்புரவுப் பணியின் அடையாளமாகும். அடுத்து, தசையிழைகளின் ஓரத்தில் உறங்கிக்கிடக்கும் துணையணுக்கள் விழித்தெழுகின்றன. 1961ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் மௌரோ என்பவர் தவளையின் தசையை மின்னணு நுண்ணோக்கியால் ஆராய்ந்து இவ்வணுக்களைக் கண்டறிந்தார். அவை பெருகி இணைந்து புதிய இழைகளை ஆக்குகின்றன. அதே காலத்தில், இடைவெளியை நிரப்பத் தழும்புத் திசுவும் வளர்கிறது. மூன்றாவதாக, புதிய இழைகள் வரிசைப்பட்டு வலுப்பெறும். இவ்விறுதிப் பணி வாரங்களும் மாதங்களும் நீளும். வலி மறைந்த நாளும் தசை தேறிய நாளும் ஒன்றல்ல என்பதை உள்ளத்திற் பதித்தல் வேண்டும்.

அங்ஙனமாயின், தசை முற்றும் தேறும்வரை படுத்திருத்தல் நன்றன்றோ எனின், அன்று. புதிய இழைகள் செம்மையாக வரிசைப்படுவதற்கு அளவான இழுவிசை வேண்டும். அசைவற்ற தசை மெலியும், தழும்பும் தடிக்கும். இதற்கு ஆய்வுகள் சான்று பகர்கின்றன. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரப் பணியாளருள் இடுப்பு நோவுற்ற 186 பேரை மூன்று கூறாக்கி ஆராய்ந்த முடிவு 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு நாள் படுக்கையில் கிடந்தவர்களையும், தனிப்பயிற்சி செய்தவர்களையும்விட, நோவு பொறுக்கும் அளவில் அன்றாட வேலைகளைத் தொடர்ந்தவர்களே விரைவில் நலமுற்றனர். டென்மார்க்கில், தொடையிலோ கெண்டைக்காலிலோ தசை சிதைந்த 50 விளையாட்டு வீரர்களை ஆராய்ந்த முடிவு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு சாரார் காயமுற்ற 2 நாளிலும், மற்றொரு சாரார் 9 நாளிலும் முறையான பயிற்சியைத் தொடங்கினர். முன்னவர் வலியின்றி விளையாட மீள்வதற்கு ஏறத்தாழ 62 நாளும், பின்னவர்க்கு 83 நாளும் ஆயின. ஏழு நாள் மிகையான ஓய்வு மூன்று வாரத் தாழ்வாய் விளைந்தது!

எனினும், பயிற்சி படிப்படியாக ஏறுதல் வேண்டும். முதலில் அசையாமலே தசையை மெல்ல இறுக்குதல், பின் வலியில்லாத அளவு அசைத்தல், பின் சிறு பாரம் ஏற்றல், பின் நடை, பின் மெல்லோட்டம், இறுதியில் விரைவோட்டம். ஒரு படியில் நோவு தோன்றின், அதற்கு முந்திய படிக்கு இறங்குதல் வேண்டும். காயமுற்ற கால் மற்றைக் காலுக்கு நிகராக மடங்கி நீண்டு வலிமையும் பெற்ற பின்னரே களத்தில் இறங்கலாம். தொடைத்தசை ஒருமுறை கிழிந்தவர்க்கு மீண்டும் கிழிதல் எளிது. போட்டி நெருங்கிவிட்டது என்பதற்காக அரைகுறையாய்த் தேறிய காலோடு ஓடும் இளைஞன், ஒரு போட்டியைப் பெற எண்ணி ஓராண்டையே இழத்தலும் கூடும்.

தசையின் இயல்பை மனவுறுதியால் மாற்ற இயலாது என்பதற்கு 1992ஆம் ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக் விழாவில் நிகழ்ந்ததொன்று எடுத்துக்காட்டு. 400 மீட்டர் அரையிறுதி ஓட்டத்தில் பிரித்தானிய வீரர் டெரெக் ரெட்மண்ட் ஓடிக்கொண்டிருக்கையில், அவர் தொடையின் பின்தசை கிழிந்தது. அவர் தரையில் அமர்ந்தார். பின் எழுந்து ஒற்றைக்காலால் நொண்டிச் சென்றார். காவலரைக் கடந்து ஓடிவந்த தந்தை ஜிம் ரெட்மண்ட், மகனைத் தோளில் தாங்கி எல்லைக்கோடு வரை உடன் நடந்தார். அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. அவர் உள்ளத்தின் திண்மை உலகம் போற்றுவதாயிற்று. ஆயின், அவ்வளவு திண்மையும் கிழிந்த தசையை ஒரு கணத்தில் இணைக்கவில்லை. உள்ளம் உடம்பை ஏவலாம். அதன் காலத்தைக் குறுக்க இயலாது.

சில குறிகள் தோன்றின், வீட்டு மருத்துவத்தை விட்டு உடனே மருத்துவரை நாடுதல் வேண்டும். தசையில் வெடித்தாற்போன்ற ஒலியுடன் குழி தோன்றுதல், காலூன்ற இயலாமை, உறுப்பு மரத்துப்போதல், அடிபடாமலே ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாதல், கடும் உழைப்பின்பின் சிறுநீர் கருஞ்சிவப்பாதல், இடுப்பு நோவுடன் சிறுநீரை அடக்கவோ கழிக்கவோ இயலாமை ஆகியவை அத்தகையன. புண்பட்டவர்க்குச் சில நாள் கழித்துத் தாடை இறுகுமாயின், அது வெறும் பிடிப்பன்று. உயிர்க்கே இறுதி தரும் இரணசன்னியாகலாம். உரிய காலங்களில் தடுப்பூசி இடுதலே அதற்குக் காப்பு.

வருமுன் காத்தலும் அரிதன்று. ஆடத் தொடங்குமுன் மெல்லோட்டத்தால் உடம்பைச் சூடேற்றுதலும், தசைக்கு நாள்தோறும் வலிமை ஊட்டுதலும், பயிற்சியைத் திடீரென மிகுக்காமையும், நன்கு உறங்குதலும் பெரிதும் உதவும். உழவன் விதைத்த மறுநாளே முளையைத் தோண்டிப் பார்ப்பதில்லை. நீர் பாய்ச்சாமல் வாளாவிருப்பதும் இல்லை. காலமறிந்து காத்திருக்கிறான், அளவறிந்து உழைக்கிறான். நோவுற்ற தசையைப் பேணுவோர்க்கும் அந்நெறியே உரியது.

பயிற்சி வினாக்கள்

1. தசைக் கிழிவு, சுளுக்கு, தசைப்பிடிப்பு ஆகியவற்றின் வேறுபாடு யாது?
2. புதிய கிழிவை நீவலாகாது என்பது ஏன்?
3. மிகையான ஓய்வும் தீங்காதலை ஆய்வுகளைக் கொண்டு விளக்குக.
4. ‘வலி மறைந்த நாளும் தசை தேறிய நாளும் ஒன்றல்ல’ — இக்கூற்றை விரித்துரைக்க.